மணிக்கட்டில் வளர்ந்த சுருள்

என் கணவர் கோதண்டத்துக்குக் கோபம் வராது. இதை நான் பெருமையாகச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்குச் சந்தோஷமும் வராது, ஆச்சரியமும் வராது. எங்கள் கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தலின் ஒரு மூலை தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் இலையை விட்டு எழுந்து ஓடியபோது, இவர் மட்டும் பாயசத்தைக் குடித்து முடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். புதுப்பெண், வெட்கம், போதாததற்குப் புகை. விட்டுவிட்டேன்.

ஓசூரில் ஒரு தண்ணீர் லாரி கம்பெனியின் புகார் கவுண்டரில் அவருக்கு வேலை. கோடையில் பாதி ஊர் காலிக் குடத்தோடு வந்து நின்று கத்தும். இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். மூச்சு வாங்க அவர்கள் நிறுத்தும்போது, "பதிஞ்சுக்கிட்டேங்க, அடுத்த ஆள்" என்பார். ஒருமுறை ஒருவர் ஆத்திரத்தில் குடத்தை மேஜைமேல் அடித்தே நசுக்கிவிட்டார். சாயங்காலம் அதை என்னிடம் சொன்னபோது இவர் வருத்தப்பட்டது ஒன்றுக்காகத்தான். "நல்ல குடம், தமயந்தி."

இப்படிப்பட்ட மனிதரின் அருமை உலகத்துக்குத் தெரிய, பணக்காரர்களின் கைக்கடிகாரம் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

கெட்டுப்போனது என்றால் ஓடாமல் நின்றுவிடவில்லை. மதிப்புப் போய்விட்டது. விண்வெளியிலிருந்து பாறைகளை இழுத்து வந்து உருக்க ஆரம்பித்ததும் தங்கம் பித்தளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வைரத்தை ஆலையில் வளர்த்து மிக்சி பிளேடில் பதித்தார்கள். ஒரு காலத்தில் உயர்ந்த கடிகாரங்களுக்கு மட்டும் போட்ட நீலக்கல் கண்ணாடி இப்போது எங்கள் டவுன் பஸ் ஜன்னலில் இருக்கிறது; அதில் கீறலே விழாது என்பதால் காதலர்கள் பெயர் எழுத இடமில்லாமல் தவிக்கிறார்கள். முன்பெல்லாம் விண்கல்லை மெல்லிய தகடாக அறுத்து, அமிலத்தில் தோய்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும்படி கடிகார முகப்பு செய்வார்களாம். அந்த விண்கல்லில் இப்போது தோசைக்கல் வருகிறது. நானும் ஒன்று வாங்கினேன். ஒட்டுகிறது.

எந்தப் பொருளில் கடிகாரம் செய்தாலும் மறுவாரமே அது ஆடித் தள்ளுபடிக்கு வந்துவிட்டால், பாவம், பணக்காரர் எதைக் கட்டிக்கொண்டு பணக்காரராகத் தெரிவார்? அப்போதுதான் நான் வேலை பார்க்கும் கடிகாரக் கம்பெனி மனிதக் கையைக் கண்டுபிடித்தது.

எங்கள் மேலாளர் ஜெபராஜ் சார் ஒருநாள் எதற்கோ வீட்டுக்கு வந்தவர், கோதண்டத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை விடவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு ஆசையாகக் கையைப் பிடித்திருக்க மாட்டார்.

"கடிகாரத்துக்குள்ள ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிட்டே இருக்கும் சார்," என்று ஆரம்பித்தார். "அதை ஆட்டி வைக்கிறது ஒரு சுருள். தலைமுடியைவிட மெல்லிசு. அது எவ்வளவு ஒழுங்கா விரிஞ்சு சுருங்குதோ அவ்வளவு ஒழுங்கா நேரம் ஓடும். பழைய காலத்துல அதை உலோகக் கலவையில செஞ்சாங்க. அப்புறம் சிலிக்கன்ல செஞ்சாங்க. இப்ப நாம செய்யறதே இல்ல. வளர்க்கிறோம்."

"செடி மாதிரியா?" என்றார் இவர்.

"கிட்டத்தட்ட. ஒரு படிக விதையைக் கடிகாரத்துக்குள்ள வெச்சு உங்க கையில கட்டிருவோம். உங்க உடம்புச் சூட்டையும் நாடித்துடிப்பையும் வாங்கிக்கிட்டு அது அடுக்கடுக்கா வளரும். வெங்காயம் மாதிரி. நீங்க அமைதியா இருந்தா அடுக்கு சீரா விழும். பதறினா ஒரு புடைப்பு விழும்."

"வளர்ந்து?"

"அதை வாங்கிக் கட்டிக்கிறவரோட நாடி, சுருளோட நாடிக்கு இழுபட்டுடும். நீங்க தூங்கின நேரத்துல அவருக்குத் தூக்கம் வரும். நீங்க சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல அவருக்கு மனசு லேசாகும். வாரத்துல ஏழு நாளும் நீங்க எப்படியோ, அவரும் அப்படியே. மாத்திரை வேண்டாம், தியானம் வேண்டாம். எந்த மெஷினாலயும் இதைச் செய்ய முடியாது சார். அதான் விஷயமே."

"அப்ப என் நிம்மதி அவருக்குப் போயிடுமா?"

"போகாது. நகல்தான்."

இவர் கொஞ்சம் யோசித்தார். "அது என்கிட்ட இருக்கிறதே எனக்குத் தெரியாது சார். எடுத்துக்குங்க."

இப்படித்தான் என் கணவர் கைகொடுப்பவர் ஆனார். அந்த வேலைக்கு ஊரில் வைத்த பெயர் அது. தண்ணீர் லாரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்கக் கூடாது. செய்தி கேட்கக் கூடாது. செல்போன் அறவே கூடாது. காரக்குழம்பு கூடாது. வீட்டில் யாரும் அவரோடு சண்டை போடக் கூடாது. கடைசி விதியைப் படித்தபோது ஜெபராஜ் சார் என்னைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

சண்டை போட முடியாத குடித்தனம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டிருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "துண்டு கட்டில்ல இருக்குங்க" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்வேன். "ஆமா," என்பார்.

நாங்கள் மட்டுமில்லை. கைகொடுப்பவர்கள் பெருகப் பெருக ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டது. கோயில் திருவிழாவில் மேளம் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. வரன் தேடும் விளம்பரங்களில் நிறம், உயரத்தோடு "சீரான நாடி" என்றும் போட்டார்கள். அடுத்த தெரு பிரான்சிஸ் அண்ணனிடம், அவருடைய அம்மா இறந்துபோனதைச் சுருள் கழற்றும்வரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா வேளாங்கண்ணியில் இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார்கள். கழற்றிய பிறகு அவர் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். அந்தச் சுருள் முதல் தரமாகத் தேறியது. அதைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், எனக்கு அதுதான் வேலை. கையிலிருந்து கடிகாரத்தை அவ்வப்போது வாங்கிவந்து, நுண்ணோக்கியில் வைத்து, அடுக்குகள் சீராக விழுகின்றனவா என்று பார்ப்பது. சொந்தக்காரர் சுருளை நாங்களே பார்க்கக் கூடாது என்பதால் கோதண்டத்தின் சுருளை நஸ்ரின் பார்த்தாள். எனக்கு அடுத்த மேஜை, கல்யாணமாகாத பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க," என்றாள் ஒருநாள். "பாத்துட்டு என்னைத் திட்டக்கூடாது."

பார்த்தேன். அடுக்குகள் கண்ணாடித் தரையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு சிலிண்டர் வெடித்த நாள்கூடச் சமமாக இருந்தது. ஆனால் சாயங்காலப் பகுதியில் ஒரு புடைப்பு. அதற்கு மேல் அடுக்கிலும் அதே இடத்தில் ஒரு புடைப்பு. அதற்கு மேலும். கடுகை நூறாக நறுக்கினால் வரும் அளவுதான். ஆனால் தினமும்.

"இது எந்த நேரம்?"

"நாம பஸ்ல வீட்டுக்குப் போயிட்டிருக்கிற நேரம்க்கா. நீங்க வீட்டுக்குள்ள போறதுக்கும் அது அடங்குறதுக்கும் சரியா இருக்கு."

"ஞாயித்துக்கிழமை?"

"இல்ல."

"மத்த லீவு நாள்?"

நஸ்ரின் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். "லீவு நாள்லயும் இல்லக்கா."

யாரோ வருகிறார்கள். நான் வருவதற்குள் போய்விடுகிறார்கள். நான் வீட்டில் இருக்கும் நாளில் தலைகாட்டுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள நுண்ணோக்கி தேவையில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துரோகத்தை நினைத்துக்கூட அல்ல. இந்த மனிதருக்கும் நெஞ்சு துள்ளும்; எனக்காகத் துள்ளவில்லை, அவ்வளவுதான் என்று தெரிந்தபோது தாங்க முடியவில்லை.

வேறு யாராவது என்றால் அன்று சாயங்காலமே சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கேட்டால் பதறுவார், பதறினால் புடைப்பு விழும், விழுந்தால் கம்பெனி என்னையே கேள்வி கேட்கும். ஆகவே வேவு பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மதியமே பர்மிஷன் போட்டுவிட்டு, முக்காட்டோடு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அது மனோரஞ்சிதம் அக்காவின் வீடு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாள், எப்போதும் பளிச்சென்று உடுத்துவார். உண்மையைச் சொன்னால், என் சந்தேகத்தில் முதல் இடம் அவருக்குத்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்கள் மின்ன, ஒரு தட்டு முறுக்கோடு வந்து எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். உடனே அவரை விடுதலை செய்தேன்.

"கீரைக்காரியா இருக்குமோ?" என்றார்.

"அவ காலையில வருவாக்கா."

"காலையில கீரை. சாயங்காலம் யாரு கண்டா?"

கீரைக்காரி வரவில்லை. யாருமே வரவில்லை. வெயில் இறங்கியதும் கோதண்டம் பால்கனிக்கு வந்தார். நாற்காலியைத் தெருமுனை தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இவர் எழுந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் இறங்கவில்லை. எப்படி இறங்குவேன்? மொட்டைமாடியில் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறேனே.

பஸ் கிளம்பிப் போயிற்று. அவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போனார். அடுத்த நிமிஷம் தெருவில் இருந்தார். ஸ்டாப்பில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். டீக்கடையில் ஏதோ கேட்டார். கடைக்காரர் கையை விரித்தார். டவுன் பஸ் ஒன்று வந்து நின்றபோது அதன் ஜன்னல்களை முன்னிருந்து பின்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அதிலும் நான் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நடை வேகமாயிற்று.

"தமயந்தி," என்றார் மனோரஞ்சிதம் அக்கா, வாயில் முறுக்கோடு. "உன் வீட்டுக்காரர் ஓடறாரு."

ஆமாம். பந்தல் எரிந்தபோது பாயசம் குடித்த மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. உடனே இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் ஒரு பஸ் வரட்டும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று உட்கார்ந்தே இருந்தேன். மனோரஞ்சிதம் அக்கா என் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு, "போடி கீழே, பாவி" என்று தள்ளிய பிறகுதான் இறங்கினேன்.

தெருவின் நடுவில் எதிரெதிரே நின்றோம். அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா," என்றார். தினமும் சொல்கிற அதே குரல்.

"செருப்பு எங்க?"

குனிந்து பாதத்தைப் பார்த்தார். "போட்டுக்கல போல."

"தினமும் பஸ் வர்றப்ப உங்களுக்கு ஒரு மாதிரி ஆகுதாமே. ஏன் சொல்லவே இல்ல?"

"அதா?" என்றார். நெஞ்சின் நடுவில் தடவிக்கொண்டார். "ஹாரன் சத்தம் கேட்டா இங்க ஒரு மாதிரி துள்ளும். நீ உள்ள வந்ததும் சரியாயிடும். வாயுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

நடுத்தெருவில் சிரித்தேனா அழுதேனா என்று மனோரஞ்சிதம் அக்காவைத்தான் கேட்க வேண்டும். அவர் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

சுருள் போனது போனதுதான். அன்றைய அடுக்கில் விழுந்தது புடைப்பே இல்லை, மலை. மறுநாள் ஜெபராஜ் சார் எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்தார். அவர் திட்டவில்லை. 

"நேத்து விழுந்த அடுக்கை உரிச்சு எடுத்துடலாம். அது பெரிய விஷயமில்ல," என்றார். "தினமும் விழுந்திருக்கே, அதுதான் பிரச்சினை. நல்லவேளை, காரணம் தெரிஞ்சுபோச்சு. காரணத்தை விலக்கிட்டா புதுசா ஒண்ணு வளர்த்துடலாம். இவர் கை மாதிரி ஒரு கை இந்தியாவுலேயே கிடையாதும்மா."

"எந்தக் காரணத்தை விலக்கணும் சார்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நீங்க நம்ம ஹாஸ்டல்ல தங்கிக்கலாம். வசதியெல்லாம் நல்லாவே இருக்கும். அங்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்க. பேச்சுத் துணைக்குக் குறைவில்ல."

அந்த ஹாஸ்டலை நான் பார்த்திருக்கிறேன். யாருடைய மனைவியோ, யாருக்கோ நிச்சயம் செய்த பெண், யாருடைய கடைக்குட்டியோ, யாருடைய நோயாளி அப்பாவோ. எல்லோரும் யாரோ ஒருவருடைய சுருளில் விழுந்த புடைப்புகள். அதுவரை அவர்களைப் பற்றி நான் அப்படி யோசித்ததில்லை. அவர்களில் சிலரை அங்கே அனுப்பியது, புடைப்பு இருக்கிறது என்று நான் போட்ட கையெழுத்துதான்.

"சுருள் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடலாமா?"

"வரலாம். அடுத்த சுருள் ஆரம்பிக்கிற வரைக்கும்."

நான் கோதண்டத்தைப் பார்த்தேன். இட்லிமேல் இட்லியாக வைத்துக்கொண்டே போனாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சாப்பிடுகிற மனிதர். சரிங்க சார் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு கணம் எனக்கு உயிர் போய் வந்தது.

"ஹாஸ்டல்ல இருந்தா, சாயங்காலம் எங்க தெருவுக்கு இவ பஸ் வராதா சார்?" என்று கேட்டார்.

"பஸ் வரும். இவங்க அதுல வரமாட்டாங்க."

கோதண்டம் வாரைத் தளர்த்தினார். கடிகாரத்தைக் கழற்றி, துணியால் ஒருமுறை துடைத்து, மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம் சார்," என்றார்.

ஜெபராஜ் சார் அரைமணி நேரம் பேசினார். நாட்டின் பெருமை, உலகச் சந்தை, இவருடைய எதிர்காலம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கத்தவும் செய்தார். எங்கள் கம்பெனியில் கத்தல் கேட்டு வருஷக்கணக்காயிற்று; நஸ்ரின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கோதண்டம் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் ஈரத்துண்டு கிடந்தது. ஆசை தீரக் கத்தினேன். "ஆமா," என்றார்.

அவர் தண்ணீர் லாரி வேலைக்கே திரும்பினார். கழற்றிய சுருளைக் கம்பெனி வீணாக்கவில்லை. மலையை மட்டும் உரித்துவிட்டு, இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. கடிகாரத்தின் மற்ற வேலையில் குறை வைக்கவில்லை. திருகாணிகளைத் தணலில் வாட்டி நீலம் ஏற்றினார்கள், அச்சுகள் சுழலச் சிவப்புக்கல் பதித்தார்கள், சக்கரங்களைத் தாங்கும் பாலத் தகடுகளின் ஓரத்தை மரக்குச்சியால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி வைத்திருக்கும் குழந்தைவேல் என்பவர் வாங்கிக்கொண்டார். திருப்பூர் ஏற்றுமதியில் குறை என்று ஒதுக்கிய பனியனையே வாழ்நாள் முழுக்கப் போட்டவராம். இரண்டாம் தரம் என்றால் தனிப் பிரியம்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் ஜெபராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, போனை என் பக்கம் தள்ளினார். "உங்க வீட்டுச் சுருள்தான். புகார். நீங்களே பேசுங்க."

"ஏனுங் அம்மிணி, இந்தக் கடியாரத்தைப் பத்தி ஒண்ணு கேக்கோணுமுங்," என்றது ஒரு கனத்த குரல்.

"சொல்லுங்க சார்."

"மத்தபடி நல்லாத்தானுங் இருக்குது. படுத்தாத் தூக்கம் வருது. டாக்டரும் நெஞ்சு தேவலைன்னுட்டாரு. ஆனா பொழுது சாயற நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு துள்ளு துள்ளுதுங். ஆரோ வர்றாப்பல இருக்குது. எந்திரிச்சு வாசல் கேட்டுக்குப் போயிர்றேன். என்னையப் பாத்துட்டு வாச்மேனும் கேட்டைத் தொறந்து போட்டுட்டு நிக்கறான். ஆரும் வர்றதில்லீங்."

"மன்னிச்சுக்குங்க சார். அது அந்தச் சுருள்ல இருக்கிற குறை. வாங்கறப்பவே எழுதிக் கொடுத்திருப்பாங்க. திருப்பி அனுப்புங்க, முதல் தரத்துலேயே வேற மாத்தித் தரச் சொல்றேன்."

"மாத்தறதா? அட, அதெல்லாம் வேண்டாமுங்." அவர் அவசரமாக மறுத்தார். "எங்கூட்டுக்காரி போனதுக்கப்புறம் நான் அந்த கேட்டுப் பக்கமே போனதில்லீங். பையன் கனடாவுல இருக்கறான். இத்தாப்பெரிய ஊட்டுல எனக்கு ஆரு வரோணும்? இப்ப தினமும் போயி நிக்கறேன். சமையக்காரன்கிட்ட ரெண்டு டம்ளரு டீ போடச் சொல்றேன். அவன் என்னையப் பைத்தியமுன்னு நெனைக்கறான். நெனைச்சுட்டுப் போறான்."

 ஜெபராஜ் சார் எதிரில் உட்கார்ந்து, சீக்கிரம் முடி என்று விரலால் வட்டம் போட்டார்.

"அப்ப புகார் என்னங்க சார்?"

"புகாருன்னு இல்லீங். ஒரு சந்தேகந்தான். ஞாயித்துக்கிழமையானா அது துள்ளறதே இல்லீங். அன்னிக்குப் பூரா நானும் கடியாரத்தைப் பாத்துப் பாத்து உக்காந்திருக்கறேன். சோறு எறங்க மாட்டீங்குது." குரல் கொஞ்சம் தணிந்தது. "வாரம் பூரா வர்றவங்க அன்னிக்கு மட்டும் ஏனுங் வர்றதில்லை?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் கம்பெனி எங்களுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. படிக அடுக்கு, வார ஒழுங்கு என்று போகும். அது என் நாக்கு நுனிவரை வந்தது.

"அன்னைக்கு நான் வீட்டுலயே இருப்பேன் சார்," என்றேன். "எங்கயும் போகமாட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது, யாரோ அதட்டினார்கள்.

"அப்படீங்களா," என்றார் கடைசியில். "அது தெரியாம நான்தான் இத்தனை நாளா வெசனப்பட்டுட்டுக் கெடந்தனுங். செரிங் அம்மிணி. இனி ஞாயித்துக்கிழமையானா அவ ஊட்டுக்குள்ளதான் இருக்கறான்னு வெச்சுக்கறனுங்."